நூறு வோல்ட் காப்பி மில்

ஜப்பானிலிருந்து வந்த காப்பி மில்லைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் எல்லோரும் அதன் பல்லைத்தான் முதலில் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது அடியில் ஒட்டியிருக்கும் சின்னத் தகடு. மற்றதெல்லாம் ஜப்பானிய எழுத்தில் இருக்கும். இரண்டு விவரம் மட்டும் நமக்குப் புரியும்: 100 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ். ஜவ்வாது மலையடியில் நம் ஆலங்காயத்தில் வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மில்லின் தட்டையான இரண்டு கம்பிகளை ஏதோ ஒரு மாற்றுப் பிளக்கில் செருகி சுவிட்சைத் தட்டினால், கடல் தாண்டி வந்த மோட்டார் கொஞ்ச நேரத்தில் புகைந்துவிடும். அந்த மாற்றுப் பிளக் கம்பியின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜைத் தொடாது. பலருக்கு இது மோட்டார் எரிந்த பிறகுதான் தெரிகிறது.

இவ்வளவு தொல்லையை எதற்கு விலைக்கு வாங்க வேண்டும்? கொஞ்ச காலம் முன்புவரை இந்தக் கேள்விக்கே இடமில்லை. காப்பிப்பொடிக் கடையில் போய் பீபெரி இவ்வளவு, பிளாண்டேஷன் இவ்வளவு, சிக்கரி இத்தனை சதவீதம் என்று சொன்னால் கண்ணெதிரே அரைத்து, சூடு ஆறாமல் பையில் கட்டிக் கொடுப்பார்கள். இன்று ஏற்காடு, குடகு, சிக்மகளூர்த் தோட்டங்களின் காப்பியை வறுத்து, அரைக்காமல் கொட்டையாகவே கூரியரில் அனுப்புகிறவர்கள் பெருகிவிட்டார்கள். ஏற்காடு நமக்கு அந்நியமும் இல்லை. ஜவ்வாது மலையைப் போலவே கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு அது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் அங்கே காப்பியைக் கொண்டுவந்தார். பொட்டலம் வீடு தேடி வந்துவிடுகிறது, அரைப்பதுதான் நம் பாடு. மிக்ஸியில் போட்டால் பாதி மாவாகவும் பாதி நொய்யாகவும் வரும். அங்கிருந்துதான் ஜப்பான் மில்லின் மேல் கண் விழுகிறது.

முதலில் அரைப்பது எதற்கு என்று பார்த்துவிடலாம். வறுத்த கொட்டையின் எடையில் சுமார் 30 சதவீதம்தான் நீரில் கரையக்கூடியது. அதிலும் 20 சதவீதம் வாக்கில் இறங்கினால் வாய்க்கு நன்றாக இருக்கும் என்பது காப்பித் தொழிலில் பழகிப்போன கணக்கு. குறைந்தால் புளிப்பு தூக்கும், கூடினால் கசப்பும் துவர்ப்பும் ஏறும். நீர் மேற்பரப்பில் தொட்டுத்தான் கரைக்க முடியும். ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே அரை மில்லிமீட்டர்த் துண்டுகளாக நறுக்கினால் 8,000 துண்டுகள், மேற்பரப்பு 120 சதுர சென்டிமீட்டர். பொருள் அதேதான், நீர் தொடும் இடம் மட்டும் இருபது மடங்கு.

துண்டுகள் எல்லாம் ஒரே அளவில் இருந்தால் எல்லாவற்றிலிருந்தும் ஒரே அளவு சாறு இறங்கும். மிக்ஸியில் அது நடக்காது. மிக்ஸியின் பிளேடு நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுற்றி, எதிரே அகப்பட்டதை அடிக்கிறது. சிக்கியது மறுபடி மறுபடி அடிபட்டு மாவாகும், ஓரத்தில் ஒதுங்கியது தப்பிக்கும். மில்லில் அடி கிடையாது. ஒன்று அசையாமல் நிற்க, மற்றொன்று சுற்ற, இரண்டு பல்தட்டுகளுக்கு நடுவே ஓர் இடைவெளி. அந்த இடைவெளிக்குள் நுழையும் அளவுக்குச் சிறுத்தால்தான் துணுக்கு வெளியே போக முடியும். ஜவ்வாது மலையில் கேழ்வரகு அரைத்த திருகையின் வேலையும் இதுதான். ஜப்பானில் மாட்ச்சா தேநீர்ப் பொடியை இன்றும் கல் திருகையில் அரைக்கிறார்கள். திருகையில் கல்லின் கனமும் அரைப்பவரின் கையும் இடைவெளியைத் தீர்மானித்தன. மில்லில் அதை ஒரு திருகு தீர்மானிக்கிறது. ஆக, நாம் காசு கொடுத்து வாங்குவது அந்த இடைவெளியைத்தான். மோட்டார், உடல், பெயிண்ட், பெயர் எல்லாம் அந்த இடைவெளி அசையாமல் இருப்பதற்கான ஏற்பாடுகள்.

இரண்டு தட்டுகளும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்க வேண்டும் என்பது கேட்கச் சுலபம். ஒரு தட்டு ஒரு பக்கம் 0.1 மில்லிமீட்டர் சாய்ந்தால் போதும், ஒரு பக்கம் நைசாகவும் மறுபக்கம் கொரகொரப்பாகவும் விழும். 0.1 மில்லிமீட்டர் என்பது 100 மைக்ரான். ஃபில்டர் காப்பித் துணுக்கின் அகலமே சில நூறு மைக்ரான்தான். ஆலங்காயத்திலிருந்து மலையேறினால் காவலூர் வானாய்வகம். அங்கே 1986 ஜனவரியில் அர்ப்பணிக்கப்பட்ட வைணு பாப்பு தொலைநோக்கியின் 2.34 மீட்டர் ஆடி, பெங்களூரில் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் ஒளியியல் கூடத்தில் அரைத்து மெருகேற்றப்பட்டது. அந்த அரைவையில் பிசகு ஒரு மைக்ரானில் சிறு பங்குக்கு மேல் போகக் கூடாது. காப்பி மில்லுக்கு அவ்வளவு தேவையில்லை என்றாலும், பட்டறையில் கண்ணால் பார்த்துச் சரிசெய்கிற அளவைத் தாண்டிய நேர்த்தி வேண்டும். ஜப்பான் மில்லுக்குக் கொடுக்கும் விலையில் பெரும்பங்கு இந்த நேர்த்திக்குத்தான்.

ஆனாலும் எவ்வளவு நல்ல மில்லாக இருந்தாலும் தூசு வரத்தான் செய்யும். வறுத்த கொட்டை நுண்ணறைகள் கொண்ட நொறுங்கும் பொருள். உடையும்போது பெரிய துண்டோடு அறைச்சுவர்களின் பொடியும் உதிரும். 2016இல் சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, கொட்டையைத் திரவ நைட்ரஜன் வரை குளிர்வித்து அரைத்துப் பார்த்தது. குளிரக் குளிரத் துணுக்குகள் சிறிதாகவும், ஒன்றுக்கொன்று அளவில் நெருக்கமாகவும் வந்தன. நமக்கு இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைச் செய்தி சாதாரணமானது. சித்திரை வெயிலில் சமையலறை அலமாரியில் கிடந்த கொட்டையும் மார்கழிக் காலையில் எடுத்த கொட்டையும் மில்லின் திருகில் ஒரே எண்ணை வைத்து அரைத்தாலும் ஒரே மாதிரி விழாது.

நம் ஃபில்டருக்கு இந்தத் தூசு முக்கியம். மேல் பாத்திரத்தில் பொடி, அதன் மேல் வெந்நீர், கீழே சொட்டும் டிகாக்‌ஷன். இதில் தண்ணீரை இழுப்பது பூமியின் ஈர்ப்பு மட்டுமே. துணுக்கின் விட்டம் பாதியானால் பொடிப் படுகையின் தடை நான்கு மடங்காகும் என்பது பாய்ம இயற்பியலில் பழைய விதி. அதனால்தான் கொஞ்சம் நைசாகிவிட்டாலும் ஃபில்டர் அடைத்துக்கொண்டு மேலே தண்ணீர் அப்படியே நிற்கிறது. தட்டினாலும் இறங்காது. ஜப்பான் மில்களில் பெரும்பாலானவை காகித வடிகட்டியில் கையால் ஊற்றும் காப்பிக்காக வடிவமைக்கப்பட்டவை. அதற்கு வேண்டியது நடுத்தரப் பொடி. நம் பித்தளை, எவர்சில்வர் ஃபில்டருக்கு அதைவிட ஓரிரண்டு எண் நைசாக வைக்க வேண்டும். அங்கிருந்து தொடங்கி, டிகாக்‌ஷன் சொட்டும் வேகத்தைப் பார்த்து நகர்த்துவதே வழி. காகிதம் தூசைப் பிடித்துக்கொள்ளும், உலோகத் துளை பிடிக்காது. எனவே டபராவின் அடியில் மிஞ்சும் வண்டலைப் பார்த்து மில்லைப் பழிக்க வேண்டியதில்லை.

சிக்கரியை மட்டும் மில்லுக்குள் போடாதீர்கள். வறுத்த சிக்கரி காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். பல்லிடுக்கில் ஒட்டிக் கட்டியானால் சுரண்டி எடுப்பது பெரும்பாடு. காப்பியை அரைத்த பிறகு சிக்கரிப் பொடியைக் கலந்துகொள்ளலாம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 30, 40 சதவீதம் சிக்கரி போட்டு, கெட்டிப் பாலும் இரண்டு கரண்டிச் சர்க்கரையும் சேர்த்துக் குடிக்கிற வீட்டில் ஜப்பான் மில்லால் விளையும் நன்மை கொஞ்சம்தான். பாலும் சிக்கரியும் நுண்ணிய வித்தியாசங்களை மூடிவிடும். அந்த வீட்டுக்கு வாரா வாரம் கடையில் புதிதாக அரைத்து வாங்குவதே நல்ல யோசனை. சிக்கரி இல்லாமலோ பால் இல்லாமலோ குடிக்கப் பழகியவர்களுக்குத்தான் இந்தச் செலவு நாக்கில் தெரியும்.

மின்சாரத்துக்கு வருவோம், வம்பெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

ஜப்பான் முழுக்க வீடுகளுக்கு 100 வோல்ட். ஆனால் அதிர்வெண் நாட்டை இரண்டாகப் பிளக்கிறது. 1890களின் நடுவில் டோக்கியோ மின் கம்பெனி ஜெர்மனியின் ஏஇஜி நிறுவனத்திடம் ஜெனரேட்டர் வாங்கியது, அது 50 ஹெர்ட்ஸ். ஓசாகா அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கிடம் வாங்கியது, அது 60. அன்று இருவர் செய்த கொள்முதல் இன்றுவரை மாறவில்லை. ஃபூஜி ஆற்றின் கிழக்கே 50, மேற்கே 60. 2011 மார்ச்சில் நிலநடுக்கமும் சுனாமியும் கிழக்கின் அணு மின்நிலையங்களை நிறுத்தியபோது, மேற்கில் மின்சாரம் இருந்தும் பெரிதாக அனுப்ப முடியவில்லை. அதிர்வெண்ணை மாற்றித் தரும் நிலையங்களின் திறன் சுமார் 1,000 மெகாவாட்தான் இருந்தது.

காப்பி மில்லுக்கு இதில் என்ன? நல்ல ஜப்பான் மில்கள் பலவற்றில் இண்டக்‌ஷன் மோட்டார் இருக்கும். கார்பன் பிரஷ் இல்லாதது, மிக்ஸி போல் அலறாதது. இந்த மோட்டாரின் வேகத்தைத் தீர்மானிப்பது அதிர்வெண். நான்கு துருவ மோட்டார் 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 1,500 சுற்றை ஒட்டியும் 60இல் 1,800 சுற்றை ஒட்டியும் ஓடும். எனவே ஒரே மில் ஓசாகாவில் வேகமாகவும் டோக்கியோவில் நிதானமாகவும் அரைக்கும். வீட்டு உபயோகத்துக்குப் பேர்போன ஃபூஜி ராயல் மில்லைச் செய்கிற நிறுவனம் ஓசாகாக்காரர்களுடையது. ஆனால் அவர்களுடைய மில் ஆலங்காயத்துக்கு வந்தால் டோக்கியோ வேகத்தில்தான் சுற்றும். அதில் கெடுதல் இல்லை. தகட்டில் 50/60 என்று போட்டிருந்தால் கவலையே வேண்டாம். வெறும் 60 என்று போட்ட பழைய சரக்கு கைமாற்றாக மலிவாகக் கிடைத்தால் யோசிக்க வேண்டும்.

காரணம் இரும்பில் இருக்கிறது. மோட்டாரின் இரும்புத் தகடுகளில் ஓடும் காந்தப் பாயம், வோல்டேஜை அதிர்வெண்ணால் வகுத்தால் வரும் எண்ணைப் பொறுத்தது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த மோட்டாரை அதே வோல்டேஜில் 50இல் ஓட்டினால் பாயம் 20 சதவீதம் கூடும். இரும்பு ஓர் அளவுக்கு மேல் காந்தத்தைத் தாங்காது. அந்த எல்லையைத் தொட்டதும் மின்னோட்டம் கிடுகிடுவென ஏறிக் காயில் கொதிக்கத் தொடங்கும். 100 வோல்ட் மோட்டாரை 230இல் மாட்டினால் பாயம் 2.3 மடங்காக முயலும், இரும்பு அந்த இடத்துக்குப் போகவே போகாது, அத்தனையும் சூடாக மாறும். இதே தவறை வெறும் ஹீட்டர் கம்பியில் செய்தால்கூட 2.3இன் வர்க்கம், அதாவது ஐந்து மடங்குக்கு மேல் சூடு. மோட்டாரில் கதை இன்னும் மோசம்.

ஆகவே ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைப்பது 230க்கு 110 தருவது. அமெரிக்காவிலிருந்து பொருள் கொண்டுவருகிறவர்களுக்காகச் செய்யப்படுவது. ஜப்பானுக்கு வேண்டியது 100. பத்து வோல்ட்தானே என்று தோன்றும். ராத்திரி லோடு குறைந்து வீட்டு வோல்டேஜ் 250க்கு ஏறும்போது அந்த டிரான்ஸ்ஃபார்மர் 119 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கும். மேலே சொன்ன இரும்பின் எல்லைக்கு அது போதும். மறுபுறம், பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் கிராமப்புற லைனில் வோல்டேஜ் 200க்கு இறங்கினால், சரியான 100 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் 87தான் தரும். இண்டக்‌ஷன் மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்தோடு போகும். 87இல் கால்வாசி பலம் போய்விடும், இளவறுவல் கொட்டையைக் கடிக்க முடியாமல் மில் உறுமிக்கொண்டு நிற்கும். எனவே ஆலங்காயம் போன்ற இடத்தில் சரியான கோர்வை இதுதான்: சுவர், அடுத்து ஸ்டெபிலைசர், அடுத்து 230க்கு 100 என்று சொல்லிச் சுற்றவைத்த டிரான்ஸ்ஃபார்மர், கடைசியில் மில்.

டிரான்ஸ்ஃபார்மரிலும் இரு வகை. ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் என்பது ஒரே காயிலில் நடுவே ஒரு கிளை எடுப்பது. மலிவு, லேசு. ஆனால் அதில் பொதுக் காயில் அறுந்தால் மில்லின் பக்கம் முழு 230 வந்து நிற்கும். உள்ளே வரும் காயிலும் வெளியே போகும் காயிலும் ஒட்டுறவில்லாமல் தனித்தனியாக இருப்பது இன்னொரு வகை. கனமும் விலையும் கூடுதல். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஈரக்கையோடு புழங்கும் சமையலறை அது. ஜப்பான் பிளக் இரண்டே கம்பி, எர்த் கம்பி கிடையாது. சில சாதனங்களில் எர்த் பச்சை ஒயராகத் தனியே தொங்கும். உலோக உடல் கொண்ட மில்லில் அப்படி ஒன்று இருந்தால் வெட்டி எறியாமல் எலக்ட்ரீஷியனைக் கொண்டு எர்த்தில் சேர்க்க வேண்டும்.

அளவு எவ்வளவு? மில் 130 வாட் என்றால் 150க்கு வாங்கினால் போதாது. மோட்டார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும் நொடியில் ஓடும்போது எடுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். 500 விஏ டிரான்ஸ்ஃபார்மர் இதைச் சிரமமில்லாமல் தாங்கும். கைக்கடக்கமாக, 1,500 வாட் என்று எழுதி மலிவாக விற்கும் பயண கன்வெர்ட்டர்களை மோட்டாருக்குக் கிட்டவே கொண்டுபோகக் கூடாது. அவை ஃபேன் ரெகுலேட்டர் போல அலையை வெட்டிக் கொடுப்பவை. ஹேர் டிரையர் கம்பியைச் சூடாக்கச் சரி, இண்டக்‌ஷன் மோட்டாருக்கு விஷம். சதுர அலை தரும் பழைய இன்வெர்ட்டர்களும் இதே ஜாதி. கரண்ட் போன நேரத்தில் அதில் மில்லைப் போட்டால் டிரான்ஸ்ஃபார்மரும் மோட்டாரும் சேர்ந்து முனகுவது காதுக்கே கேட்கும். சைன் அலை இன்வெர்ட்டர் என்றால் பரவாயில்லை.

அரைத்து முடித்ததும் சுவர் சுவிட்சை அணைத்துவிடுவது நல்லது. மில் ஓடாவிட்டாலும் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு காந்தமாகித் திரும்பிக்கொண்டே இருக்கும். அதில் 10 வாட் வீணாவதாக வைத்துக்கொண்டால் இரண்டு மாதத்தில் 14 யூனிட். வீட்டு இணைப்புக்குத் தமிழக அரசு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகத் தரும் 100 யூனிட்டில் ஏழில் ஒரு பங்கு. அதே இரண்டு மாதத்தில், தினம் ஒரு நிமிடம் அரைக்கும் மில் தின்பது 0.13 யூனிட்!

வாணியம்பாடிப் பக்கம் பம்பு மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர்களிடம் இதைச் சொன்னால் உடனே ஒரு யோசனை வரும்: டிரான்ஸ்ஃபார்மர் எதற்கு, மில்லின் மோட்டாரையே 230க்குக் கட்டிவிடலாமே? தத்துவப்படி சரி. சுற்று எண்ணிக்கை 2.3 மடங்கு, கம்பியின் குறுக்குப் பரப்பு அதே விகிதத்தில் குறைவு. இரும்புக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் கம்பி மெலிய மெலிய எனாமல் பூச்சு அடைக்கும் இடம் கூடும். சின்ன மோட்டாரின் பள்ளங்களில் அத்தனை சுற்றையும் திணிப்பது கஷ்டம். கைதேர்ந்தவர் கிடைத்தால் செய்யலாம். வாரண்டி எப்படியும் கடல் தாண்டி வராது.

மின்சாரமே வேண்டாம் என்றால் கைமில் இருக்கிறது, பெரும்பாலான வீடுகளுக்கு நான் முதலில் சொல்வதும் அதைத்தான். 1921இல் கண்ணாடிப் பொருள் செய்யத் தொடங்கிய ஹாரியோ, ஓசாகாவின் போர்லெக்ஸ், 1958இல் தொடங்கிய கலிட்டா என்று ஜப்பானில் பல பெயர்கள். ஹாரியோவும் போர்லெக்ஸும் கைமில்லில் பீங்கான் கூம்புப் பல் வைக்கின்றன. பீங்கான் துருப்பிடிக்காது, மழுங்குவதும் மெதுவாகத்தான். ஆனால் உடையும். நம் ஊர்க் கொட்டையில், அதிலும் களத்தில் காயவைத்த செர்ரி ரகங்களில், ஒரு பொடிக்கல் இருந்தாலும் போதும். முறத்தில் ஒருமுறை புடைத்துவிட்டுப் போடுவது காரியம். விலை குறைந்த கைமில்களில் நடு அச்சு கொஞ்சம் ஆடும். அதனால் கொரகொரப்பாக அரைக்கும்போது அளவு சீராக வராது. நைசாக வைக்கும்போது இரண்டு பற்களும் நெருங்கி நிற்பதால் ஆட்டம் அவ்வளவாகத் தெரியாது. அதிர்ஷ்டவசமாக நம் ஃபில்டருக்கு வேண்டியது அந்தப் பக்கம்தான். சிறிய மில் ஒரு தடவைக்கு 20 கிராம் கொள்ளும். நான்கு பேர் வீட்டில் காலையில் இரண்டு மூன்று தடவை சுற்ற வேண்டும், தோள் வலிக்கும்.

வரவழைக்கும் செலவையும் கணக்கில் வையுங்கள். 2020களின் தொடக்கத்தில் சொந்த உபயோகத்துக்குத் தபாலிலோ கூரியரிலோ வரும் பொருளுக்கு அடிப்படைச் சுங்கம் 35 சதவீதம், அதன் மேல் சமூக நலக் கூடுதல் வரி, எல்லாவற்றுக்கும் மேல் 28 சதவீத ஜிஎஸ்டி. கூட்டினால் 77 சதவீதத்தைத் தொட்டது. விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும் என்பதால் ஆர்டர் போடும் அன்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஜப்பான் போய்வருகிற உறவினர் பெட்டியில் கொண்டுவந்தால் பயணிகளுக்கான வரியில்லா வரம்புக்குள் அடங்கும் வாய்ப்பு உண்டு. கைமில் அரைக் கிலோகூட இராது, யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். ஐந்து கிலோ மின் மில்லைத் தூக்கிவரச் சொல்வதற்கு உறவு கொஞ்சம் நெருக்கமாக இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து, மின்சாரமும் சரியாகி, அரைக்கத் தொடங்கிய பிறகு எரிச்சலூட்டுவது பொடி பறப்பது. மேடையெல்லாம் தவிடு, டப்பாவின் ஓரமெல்லாம் ஒட்டல். கொட்டை உடையும்போதும் உலோகத்தில் உரசும்போதும் துணுக்குகளில் மின்னேற்றம் ஏறுகிறது. இதை ஆராய வந்தவர்களில் ஒருவர் எரிமலை ஆய்வாளர் என்பது வேடிக்கையல்ல, பொருத்தம். எரிமலைப் புகையில் மின்னல் அடிப்பதும் இதே காரணத்தால், சாம்பல் துகள்கள் உடைந்து உரசுவதால். மெண்டெஸ் ஹார்ப்பர், ஹெண்டன் குழுவினர் 2023 டிசம்பரில் மேட்டர் இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, மின்னேற்றத்தை முக்கியமாகத் தீர்மானிப்பது கொட்டையில் மிஞ்சியிருக்கும் ஈரம். கறுக்க வறுத்த, உலர்ந்த கொட்டை எதிர்மின்னை அதிகமாகச் சேர்க்கிறது. நம் தமிழ்நாட்டு வறுவல் பெரும்பாலும் கறுப்புப் பக்கம். மருந்து தண்ணீர்தான்: ஒரு கிராம் கொட்டைக்கு சுமார் 0.02 மில்லி. 30 கிராமுக்கு 0.6 மில்லி, அதாவது தேக்கரண்டியில் எட்டில் ஒரு பங்கு. விரலை நனைத்து உதறிக் கிளறிவிட்டு உடனே அரைக்க வேண்டும். மின்னேற்றம் குறைந்தால் துணுக்குகள் கட்டிக்கொள்வதும் குறைந்து, நீர் படுகையில் சீராக இறங்குகிறது என்றும் அதே ஆய்வு கண்டது. இந்த வைத்தியம் வறண்ட மாதங்களான பங்குனி, சித்திரைக்குத்தான் அதிகம் தேவை. ஐப்பசி அடைமழையில் காற்றே அந்த வேலையைச் செய்துவிடும். அப்போது தொல்லை வேறு: பல்லில் தங்கிய பொடி ஈரம் வாங்கிக் காறல் நாற்றமெடுக்கும்.

எனவே மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை பல்லைத் திறந்து உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும். தண்ணீர் காட்டக் கூடாது, எஃகுப் பல் ஒரே இரவில் துருப்பிடிக்கும். அரிசி போட்டு அரைத்தால் சுத்தமாகும் என்று சொல்வார்கள். பச்சரிசி வறுத்த காப்பியைவிட வெகு கடினம், மில்லின் மோட்டார் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. நடுவில் கரண்ட் போய் பல்லிடையே கொட்டை சிக்கி நின்றுவிட்டால், சுவிட்சை அணைத்து, இடைவெளியை அகலத் திறந்து, காலிசெய்துவிட்டுத்தான் மறுபடி தொடங்க வேண்டும். சிக்கிய நிலையில் கரண்ட் திரும்பி வந்தால் மோட்டார் சுற்றாமலே கிளம்பும் மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டிருக்கும். காயில் கருகுவது பெரும்பாலும் இப்படித்தான்.

தினம் 30 கிராம் அரைத்தால் ஆண்டுக்கு 11 கிலோ. கடைகளுக்கான பல்தட்டுகள் சில நூறு கிலோ அரைத்த பிறகே மாற்றப்படுகின்றன என்பதை வைத்துப் பார்த்தால், வீட்டு மில்லின் பல் தேய்வதைப் பற்றி வாங்கியவர் கவலைப்பட வேண்டியதில்லை. முதலில் போவது, கெபாசிட்டர் வைத்த மோட்டாராக இருந்தால், அந்தக் கெபாசிட்டர்தான். மில் உறுமும், சுற்றாது, கையால் தள்ளிவிட்டால் சுற்றும். மெக்கானிக் கைவசம் இருக்கும் சீலிங் ஃபேனின் 2.5 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரைப் போட்டுப் பார்க்க வருவார், விடக் கூடாது. அதே வேலைக்கு 100 வோல்ட் மோட்டாருக்கு 230 வோல்ட் மோட்டாரைவிட ஐந்து மடங்கு பெரிய கெபாசிட்டர் வேண்டும், இங்கேயும் 2.3இன் வர்க்கம்தான் கணக்கு. பழையதன் மேல் எழுதியிருக்கும் மைக்ரோஃபாரட் எண்ணைக் குறித்துக்கொண்டு அதே எண்ணை வாங்க வேண்டும். தாங்கும் வோல்ட் கூடுதலாக இருந்தால் பாதகமில்லை.